கேட்டு வருபவர்கள்

வூப்பர்டாலில் ரயில்
தண்டவாளத்தின் மேல் ஓடுவதில்லை.
அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு
ஆற்றுக்கு மேலே போகிறது.
உள்ளே மனிதர்கள் விட்டுவிட்டு இறங்குவதெல்லாம்
சாயங்காலம் சாக்கில் வந்து
என் மேசையில் கொட்டும்.

குடைகள்தான் அதிகம். அப்புறம் ஒற்றைக் கையுறை.
ஒருமுறை ஒரு பல்செட்.
ஒருமுறை, உறையோடு, ஒரு ட்ரம்பெட்.
எல்லாவற்றுக்கும் சீட்டுக் கட்ட வேண்டும்,
சீட்டில் எழுத அதன் பெயர் தெரிய வேண்டும்.
அப்படித்தான் இந்த மொழி எனக்கு வந்தது,
யார் யாரோ தொலைத்துத் தொலைத்து.

வேலைக்கான படிவத்தில் பெயருக்குப் பத்துக் கட்டம்.
அங்கயற்கண் வரை உள்ளே போயிற்று.
'ணி' வெளியே நின்றது.
மேலாளர் டிட்கெஸ் அதையும் நறுக்கி
"அங்கா" என்றாள்.
எங்கள் பக்கத்தில் அது பெயரில்லை, கேள்வி.
அங்கேயா?
ஆமாம், அங்கேதான்,
என்று ஒரு வருஷம் மனசு பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

இரவு வகுப்பில் ஒரே ஒரு பாடம் எனக்கு எளிது.
'ஏனென்றால்' என்று தொடங்கினால்
வினைச்சொல் வாக்கியத்தின் வாலுக்கு ஓடிவிடும்.
பக்கத்து மேசை துவார்த்தே தலையில் அடித்துக்கொள்வான்.
எனக்கு அது இருட்டில் சுவிட்சைத் தொடுவது போல,
கை தானாகப் போகும்.
மற்றதெல்லாம் தடுமாற்றம்தான்.
மேசைக்கு ஏன் ஆண்பால் என்று இன்றுவரை தெரியாது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
கோட்சீப்பர் என்றொருவர், சட்டையில் மரத்தூள்,
காதுமெஷினைத் தேடி வந்தார்.
நான் என்ன கேட்டாலும் கையைக் காதில் குவித்து
"மெதுவாக" என்றார்.
"தயவுசெய்து, இன்னொரு தரம்."

அது என் வாக்கியம்.
மருந்துக்கடையில், வங்கியில், வீட்டுக்காரரிடம், போனில்
மூன்று வருஷமாக நான் பிச்சை கேட்ட வாக்கியம்.
அதே வாக்கியத்தை ஏந்திக்கொண்டு
என் ஜன்னலுக்கு முன்னால் ஒரு மனிதர்.

சொன்னேன்.
எந்தக் காது, என்ன நிறம், எந்த நிறுத்தத்தில் இறங்கினீர்கள்.
பிழையோடு, கண்ணாடி அதிரும்படி, சத்தமாக.
டிட்கெஸ் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.
என் 'ர'வில் மதுரை உருண்டது அவருக்குக் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் என்ன,
அவருக்கு வேண்டியது என் உச்சரிப்பு இல்லை.

மூன்றாவது டப்பாவில் இருந்தது,
ஒரு முந்திரிப்பருப்பு அளவுக்கு.
மாட்டினார். அது கீச்சென்றது.
"கெஹோர்ட்" என்றார்.

உரியது என்றாலும் அந்தச் சொல்தான்,
காதில் கேட்டது என்றாலும் அந்தச் சொல்தான்.
எதைச் சொன்னார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.
படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில், ஆற்றின் மேல் ஆடிக்கொண்டே
நம்மிடமும் அப்படியொன்று இருப்பது நினைவு வந்தது.
கேள்.
காதாலும் கேட்கலாம், வாயாலும் கேட்கலாம்.
அகராதியில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால்
கேள் என்றால் உறவு.
இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

ஆறு மாதம் யாரும் கேட்டு வராத பொருள்
கண்டெடுத்தவருக்கே சேரும். இங்கே சட்டம் அப்படி.
நான் வந்து மூன்று குளிர்காலம் ஆயிற்று.
கண்டெடுத்தது யார் என்பதில்தான் குழப்பம்.
ஊரா, டிட்கெஸா,
மரத்தூள் சட்டைக்காரரா.

மணி அடிக்கிறது.
"அங்கா?" என்கிறாள் உள்ளேயிருந்து.
"இங்கே" என்கிறேன், யோசிக்காமல், தமிழில்.

கறுப்புக் குடை, வளைந்த கைப்பிடி
என்கிறார் வந்தவர்.
என்னிடம் அப்படி நாற்பத்தொன்று இருக்கிறது.
உட்காருங்கள், பார்ப்போம்.